கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் பிஎஸ்5: சூடு வெளியே போக என்ன வழி?

பேட்_பிடிச்ச_கை (ரெட்டியார்பாளையம், புதுச்சேரி)

எல்லாருக்கும் வணக்கம். ஹால்ல ஆசாரி அடிச்சுக் கொடுத்த டிவி யூனிட் இருக்கு. சுவரோட சேர்த்து ஸ்க்ரூ போட்டாச்சு, நகர்த்த வழியில்ல. நடுத் தட்டுல பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) படுக்கை வாட்டுல இருக்கு (பழைய பெரிய மாடல், டிஸ்க் போடுறது). தட்டோட உள்ளளவு: அகலம் 58 செ.மீ., ஆழம் 40, உயரம் 22. முன்னாடி கறுப்புக் கண்ணாடிக் கதவு. பின்னாடி 6 மி.மீ. பிளைவுட், அதுக்கும் சுவருக்கும் நடுவுல விரல்கூடப் போகாது. ஒயருக்காகப் பக்கப் பலகையில 50 மி.மீ. ஓட்டை ஒண்ணு, அவ்ளோதான். இடது தட்டுல மோடமும் செட்டாப் பாக்ஸும், வலது பக்கம் டிராயர். யூனிட்டுக்கு அடியில 8 செ.மீ. காலி. மேல் பலகைக்கும் டிவிக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கும்.

கதவைச் சாத்திட்டு பெரிய கேம் எதையாவது ஓட்டினா அரை மணி நேரத்துக்குள்ள ஃபேன் சத்தம் ஏறுது, அப்புறம் "ரொம்பச் சூடாயிடுச்சு, அணைச்சிட்டு ஆற விடுங்க"ங்கிற அறிவிப்பு திரையில வந்து நிக்குது. கதவைத் திறந்து வெச்சா பிரச்சினை இல்ல. ஆனா வீட்ல இரண்டு வயசுக் குழந்தை. கதவு திறந்திருந்தா டிஸ்க் போடுற வாய்க்குள்ள பிஸ்கட் போயிடும்.

ஆசாரி "தட்டைப் பெரிசாக்கித் தரேன்"ங்கிறார். எலக்ட்ரீஷியன் "ஸ்டெபிலைசர்ல வர்ற 230 வோல்ட் ஃபேன் ஒண்ணு மாட்டிடலாம், ஒயர் ஓட்டைப் பக்கமா மோடம் தட்டுக்குத் தள்ளிடும்"ங்கிறார். ஆன்லைன்ல பிஎஸ்5 முதுகுல கிளிப் மாதிரி மாட்டுற யூஎஸ்பி ஃபேன் விக்குது. எது சரி? கதவு சாத்தியே இருக்கணும், அது ஒண்ணுதான் என் நிபந்தனை.

---

காற்றுக்கணக்கு

மூன்றுமே சரியில்லை. காரணம் தெரிந்தால் எங்கே வெட்டுவது என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

கனமான கேம் ஓடும்போது உங்கள் மாடல் சுமார் 200 வாட் இழுக்கும். இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடுதான். படம் பார்க்கும்போது இதில் பாதிகூட வராது. அதனால்தான் "படம் ஓடும்போது ஒன்றும் ஆகலையே" என்று பலரும் ஏமாறுகிறார்கள்.

உங்கள் தட்டின் கொள்ளளவு 51 லிட்டர். அவ்வளவு காற்றின் எடை 60 கிராம்கூட இல்லை. 200 வாட் முழுவதும் அந்தக் காற்றிலேயே தங்கினால் மூன்றே விநாடியில் 10 டிகிரி ஏறிவிடும். ஆக, தட்டை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் உங்களுக்குக் கிடைப்பது இன்னொரு மூன்று விநாடி. ஆசாரியிடம் இதை மென்மையாகச் சொல்லுங்கள்.

பலகை வழியாகச் சூடு வெளியேறாதா என்றால், கொஞ்சம்தான். பின் பலகையையும் கண்ணாடியையும்கூட 18 மி.மீ. பிளைவுட் என்றே வைத்துக்கொண்டால், எல்லாப் பக்கமும் சேர்த்து 0.9 சதுர மீட்டர். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் 2 வாட்டிலிருந்து 2.5 வாட் வரை கசியும். உள்ளே 20 டிகிரி கூடுதலாகக் கொதித்தாலும் வெளியேறுவது 50 வாட். மீதி 150 வாட்டைக் காற்றுதான் சுமந்துகொண்டு போக வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். பிஎஸ்5 முன்பக்கத்தில், வெள்ளைத் தகட்டுக்கும் நடு உடம்புக்கும் இடையே உள்ள பிளவு வழியாகக் காற்றை இழுத்து, பின்பக்கம் முழு நீளத்துக்கும் தள்ளுகிறது. உள்ளே இருப்பது 120 மி.மீ. அகலமும் 45 மி.மீ. தடிமனும் உள்ள பெரிய ஃபேன். அதற்குப் பலம் போதாது என்பதெல்லாம் இல்லை. உங்கள் தட்டில் அது தள்ளும் சூடான காற்று பின் பலகையில் முட்டி, கன்சோலுக்கு மேலே உருண்டு, முன்பக்கம் வந்து, திரும்பவும் அதன் வாய்க்குள்ளேயே போகிறது. விட்ட மூச்சையே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே போகும் காற்று இன்னும் கொஞ்சம் சூடு. நிறுவனம் சொல்லும் வரம்பு, சுற்றியுள்ள காற்று 5 முதல் 35 டிகிரி வரை. கத்திரி வெயில் காலத்தில் நம் ஊரில் ஏசி போடாத ஹாலே மதியம் அந்த வரம்பை உரசிக்கொண்டிருக்கும். அப்போது உள்ளே ஏற இடமே கிடையாது.

ஆகவே வேலை இரண்டு. வெளியேறும் காற்று திரும்ப முன்பக்கம் வராமல் தடுக்க வேண்டும். பிறகு அதை யூனிட்டை விட்டே வெளியேற்ற வேண்டும். பலர் இரண்டாவதை மட்டும் செய்கிறார்கள். ஃபேன் போட்டும் குறையவில்லை என்று பதிவு போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த வகை.

தடுப்பு எளிது. 5 மி.மீ. சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) ஒரு தாள் வாங்குங்கள், பேனர் அடிக்கும் கடைகளில் கிடைக்கும். கன்சோலின் பின் விளிம்பிலிருந்து 5, 6 செ.மீ. முன்னே தள்ளி, கன்சோலுக்கு மேலும் இரு பக்கமும் உள்ள காலியிடத்தை மூடுகிற மாதிரி வெட்டி நிறுத்துங்கள். முன் அறை குளிர், பின் அறை சூடு. சர்வர் அறைகளில் செய்வதும் இதைத்தான். ஓரங்களில் கதவிடுக்குக்கு ஒட்டும் ஸ்பாஞ்சுப் பட்டை போதும், காற்றுப் புகாத அளவுக்கு மெழுக வேண்டியதில்லை. தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இழுக்கும் பிளவை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தடுப்பு போட்ட பிறகு பின் அறைக்குச் சரியான வெளிவழி இல்லாவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். மேல் பலகையை வெட்டிய பிறகுதான் தடுப்பு.

ஃபேன் அளவுக்கு ஒரு குறுக்குக் கணக்கு: வாட்டை 1.76 ஆல் பெருக்கி, நீங்கள் அனுமதிக்கும் டிகிரி உயர்வால் வகுத்தால் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற அளவு) வரும். 200 வாட், 10 டிகிரி என்றால் 35 சிஎஃப்எம். 5 டிகிரி என்றால் 70. தடுப்பு இருந்தால் பின் அறை 10 டிகிரி ஏறினாலும் கவலையில்லை, ஏனென்றால் கன்சோல் மூச்சு விடுவது முன் அறையில். தடுப்பு இல்லாவிட்டால் 5 டிகிரிக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கும். ஃபேன் அட்டையில் போட்டிருக்கும் சிஎஃப்எம் திறந்த வெளியில் அளந்தது; வலை, ஓட்டை, திருப்பம் எல்லாம் சேர்ந்தால் பாதிதான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 மி.மீ. ஃபேன் இரண்டை மெதுவாக ஓட்டுவது நல்லது. ஒன்றை முழு வேகத்தில் ஓட்டினால் காற்று கிடைக்கும், சத்தமும் கிடைக்கும்.

எலக்ட்ரீஷியன் சொல்லும் 230 வோல்ட் ஃபேன் காற்றைப் பிரமாதமாகத் தள்ளும். ஆனால் அது 38 மி.மீ. தடிமன், வேகம் குறைக்க வசதியில்லை, அமைதியான ஹாலில் நாலு பேர் பேசுவது கேட்காது. மின்முனைகள் திறந்தே இருக்கும், குழந்தை உள்ள வீடு வேறு. இதைவிடப் பெரிய தப்பு, மோடம் தட்டுக்குத் தள்ளுவது. கன்சோலைக் காப்பாற்றி மோடத்தை வறுக்கும் ஏற்பாடு அது.

---

ஜாய்ஸ்டிக்_ஜோரு (நெய்வேலி)

கிளிப் ஃபேன் பத்திச் சொல்லுங்களேன். நிறையப் பேர் நல்லா இருக்குன்னு விமர்சனம் எழுதியிருக்காங்க. ஐஸ் பாட்டில் ஒண்ணு பக்கத்துல வெச்சா?

---

காற்றுக்கணக்கு

கன்சோல் ஃபேன் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவையாவது கிளிப் ஃபேனும் இழுக்க வேண்டும். அந்தச் சின்ன ஃபேன்கள் இழுக்காது. அப்போது அது கன்சோலின் வெளிவாயில் ஒட்டிவைத்த அடைப்பு. தட்டை விட்டுக் காற்று வெளியேறுவதும் இல்லை. சத்தம் மட்டும் கூடுவதால் வேலை நடப்பது போலத் தோன்றும்.

ஐஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம். கடலோர ஊரில் அதன் மேல் விநாடிக்கு விநாடி தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

---

உளி_சுத்தி (மஞ்சக்குப்பம், கடலூர்)

தம்பி, அளவெல்லாம் தெளிவா கொடுத்திருக்கீங்க, அதனால வெட்டுற இடத்தைச் சொல்லிடுறேன். யூனிட்டைக் கழட்ட வேண்டாம்.

கன்சோல் ஆழம் 26 செ.மீ., தட்டு 40. மிச்சம் 14. முன்னாடி 4 செ.மீ. விட்டுட்டுப் பின்னாடி 10 விடுங்க. சுவர்ப் பக்கம் 10 விடணும்னு கன்சோல் கையேட்டுலயே போட்டிருக்கு. முன்னாடி 4 போதும், கீழேருந்து காத்து அங்கதான் ஏறப்போவுது.

சூடு போற வழி: மேல் பலகையில, பின் விளிம்பை ஒட்டி இரண்டு வட்டம். 120 ஃபேனுக்கு 115 மி.மீ. வட்டம் வெட்டணும், 120 வெட்டிட்டா ஃபேன் சட்டத்தோட பக்க நடு பலகையில படியாது. ஸ்க்ரூ ஓட்டை நடுவுக்கு நடு 105 மி.மீ. இரண்டு ஃபேனுக்கும் நடுவுல 4 செ.மீ. பலகை விடுங்க, இல்லன்னா அந்த இடம் தளர்ந்துடும். ஃபேனைப் பலகைக்கு அடியில, உள்பக்கமா மாட்டுங்க. ஃபேன் 25 மி.மீ. தடிமன், உங்க உயரம் 22 செ.மீ., கன்சோல் ஸ்டாண்டோட சேர்த்து அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. தாராளமா போவும். ஃபேன் சட்டத்துல அம்புக்குறி இருக்கும், அது மேல பார்க்கணும். அம்பு இல்லன்னா, ஸ்டிக்கர் ஒட்டின குறுக்குச் சட்டம் இருக்கிற பக்கம்தான் காத்து வெளிய வரும்.

காத்து உள்ள வர்ற வழி: இதைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. வெளிய தள்ளுற வாய் இரண்டும் சேர்த்து 200 சதுர செ.மீ. சொச்சம். உள்ள வர்ற வாய் அதுக்குக் குறையக் கூடாது, ஒண்ணரை மடங்கு இருந்தா உத்தமம். உங்க 50 மி.மீ. ஒயர் ஓட்டை வெறும் 20 சதுர செ.மீ. கீழ்ப் பலகையில முன் விளிம்பை ஒட்டி, கதவுக்கும் கன்சோலுக்கும் நடுவுல, 50 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்துக்கு ஒரு பிளவு எடுங்க, 200 கிடைச்சிடும். ஒரே நீளமா எடுக்காம மூணு துண்டா எடுத்தா பலகை தொய்யாது. அப்புறம் கண்ணாடிக் கதவைக் கீல்ல கொஞ்சம் தூக்கிக் கட்டி, அடியில 10 மி.மீ. இடைவெளி விட்டா இன்னொரு 50 சொச்சம். யூனிட்டுக்கு அடியில 8 செ.மீ. காலின்னு சொன்னீங்க, அந்த இடத்துல கோணி, பழைய செருப்பு எதையும் சொருகக் கூடாது.

வட்டம் வெட்ட ஹோல் சா (டிரில்லுல மாட்டுற வட்ட ரம்பம்) 115 அளவுல கிடைக்கலன்னா ஜிக்சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடுற மின் ரம்பம்) போதும். முதல்ல 10 மி.மீ. ஓட்டை போட்டு பிளேடை இறக்குங்க. லேமினேட் ஒட்டின பக்கம் பேப்பர் டேப் ஒட்டிட்டு வெட்டினா ஓரம் பிசிறாது. உங்களுது பிளைவுட்டா, இல்ல பார்ட்டிகிள் போர்டான்னு பாத்துக்குங்க. பார்ட்டிகிள் போர்டுன்னா வெட்டின ஓரத்தை அப்படியே விடக் கூடாது, நம்ம ஊரு ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்துலயே ஊறி உப்பிடும். ஃபெவிகால்ல தண்ணி கலந்து இரண்டு கை பூசி, காஞ்ச பிறகு மேல எனாமல் அடிங்க.

மேல் வட்டத்துக்கு மேல ஸ்டீல் கம்பி வலை போடுங்க. குழந்தை விரல் உள்ள போவாது, பென்சிலும் போவாது.

டிவிக்குச் சூடு அடிக்குமேன்னு யோசிச்சா, வட்டத்துக்குப் பின்னாடி ஒரு பட்டையைச் சாய்வா வெச்சுக் காத்தை முன்பக்கம் திருப்பி விட்டுடுங்க.

கண்ணாடிதான் வேணும்னு பிடிவாதம் இல்லன்னா வேலை இன்னும் சுலபம். கதவுச் சட்டம் அப்படியே இருக்க, கண்ணாடியை எடுத்துட்டுப் பிரம்பு வலை போட்டுடலாம். காத்து முழு முகத்துலயும் வரும், கீழ வெட்டவே வேண்டாம். குழந்தை கையும் போவாது. ஓட்டை போட்ட இரும்புத் தகடு மட்டும் கதவுக்குப் போடாதீங்க.

---

பேட்_பிடிச்ச_கை

அண்ணே, ரொம்ப நன்றி. இரும்புத் தகடு ஏன் கூடாது?

ஃபிரிட்ஜுக்குப் போடுற ஒயர் முனை டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சுப் பார்த்தேன். ஹால் 31 டிகிரி. கன்சோல் முன்பக்கம் காத்து இழுக்கிற இடத்துல, கதவு சாத்தி 25 நிமிஷத்துல 44. கதவு திறந்து வெச்சா 34. அப்போ காற்றுக்கணக்கு சார் சொன்ன மாதிரி அந்த 13 டிகிரி முழுக்க சுத்திச் சுத்தி வர்ற காத்துதானா?

பிரம்புக் கதவுக்கு வீட்ல சம்மதம் இல்ல, கண்ணாடியே இருக்கட்டும். இரண்டு ஃபேன் மேல மாட்டுறேன். கரென்ட் எங்கேருந்து எடுக்கிறது? பிஎஸ்5 யூஎஸ்பியிலேயே சொருகிடலாமா? கேம் போட்டா ஃபேனும் ஓடணும், அணைச்சா நிக்கணும்.

---

காற்றுக்கணக்கு

ஆமாம். கதவு திறந்திருந்தும் 34 வருகிறதே, அந்த 3 டிகிரிகூடப் பாதி திரும்பி வருவதுதான். தடுப்பு போட்டால் அதுவும் குறையும். கன்சோலின் மேல்தகட்டைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் இழுக்கும் இடத்தில் அளந்தீர்கள், அதுதான் முறை. பிஎஸ்5 தன் வெப்பநிலையைத் திரையில் காட்டாது, ஆகவே இந்த ஒரு எண்தான் நமக்குக் கைகொடுக்கும்.

இரும்புத் தகடு: கன்ட்ரோலரும் வைஃபையும் ரேடியோ அலை. சின்னச் சின்ன ஓட்டை போட்ட உலோகத் தகடு அதை மறைத்துவிடும். பட்டன் அழுத்தினால் தாமதமாகப் பிடிக்கும். மேலே வட்டத்துக்கு மட்டும் கம்பி வலை போடுவதால் பாதிப்பில்லை.

---

ஈயப்_பத்தவைப்பு (முத்தியால்பேட்டை)

கரென்ட் விஷயம் நான் சொல்றேன் ப்ரோ.

கடையில கிடைக்கிற 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் எல்லாம் 12 வோல்ட். யூஎஸ்பி தர்றது 5 வோல்ட். நேரா இணைச்சா சில ஃபேன் பாதி வேகத்துக்கும் கம்மியா சுத்தும், சிலது கிளம்பவே கிளம்பாது. கையால தள்ளி விட்டா சுத்தும், அடுத்த தடவை நிக்கும். 5-லேருந்து 12-க்கு ஏத்துற யூஎஸ்பி பூஸ்டர் ஒயர் இருக்கு. ஆனா ஒரு ஃபேன் 0.2 ஆம்பியர்னு வெச்சா இரண்டுக்கும் சேர்த்து 5 வாட் வரும், பூஸ்டர்ல வீணாகிறதையும் சேர்த்தா யூஎஸ்பி பக்கம் 1 ஆம்பியரைத் தாண்டும். டிவியோட யூஎஸ்பி பெரும்பாலும் 0.5 தான். கன்சோல் போர்ட்டையும் இப்படிக் கசக்க வேணாம். கன்சோல் ரெஸ்ட் மோடுல (முழுசா அணையாம தூங்குற நிலை) இருக்கும்போது யூஎஸ்பிக்குக் கரென்ட் விடணுமா வேணாமான்னு செட்டிங்ஸ்ல வேற ஒரு தேர்வு இருக்கு, அதை மாத்தி வெச்சிருந்தா ஃபேன் ராத்திரி முழுக்க ஓடும்.

தனியா 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் போடுங்க. பழைய மோடம் அடாப்டர் கிடந்தா அதுவே போதும். முதல்ல லேபிள்ல 12 வோல்ட்னு இருக்கான்னு பாருங்க, 9 வோல்ட்டும் அதே பின்னுல வரும். பிளஸ் நடுவுலயா வெளியிலயான்னு படம் போட்டிருக்கும், இருந்தாலும் மல்டிமீட்டர் வெச்சு ஒரு தடவை பாத்துடுங்க.

தானா ஓட, தானா நிக்க டபிள்யூ1209னு ஒரு தெர்மோஸ்டாட் போர்டு (சூட்டைப் பார்த்துத் தானா ஆன் ஆஃப் பண்றது) இருக்கு. 12 வோல்ட்ல ஓடும், ஒயர்ல சென்சார் தொங்கும், மூணு பட்டன், ஒரு ரிலே (மின்சாரத்தால இயங்குற சுவிட்ச்), அதோட இரண்டு முனைதான் கே0, கே1. எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில கேட்டாலே எடுத்துக் கொடுப்பாங்க.

இணைப்பு: அடாப்டர் பிளஸ் போர்டோட 12 வோல்ட் முனைக்கு, மைனஸ் கிரவுண்டுக்கு. அதே பிளஸ்லேருந்து இன்னொரு ஒயர் கே1-க்கு. கே0-லேருந்து இரண்டு ஃபேனோட சிவப்பு ஒயருக்கும். ஃபேன் கறுப்பு இரண்டும் அடாப்டர் மைனஸுக்கு. சிவப்பு, கறுப்போட மூணாவதா மஞ்ச ஒயர் இருந்தா அது வேகத்தை எண்ணுறதுக்கு, நமக்கு வேணாம். முனையில டேப் சுத்தி விட்டுடுங்க. நாலு ஒயர் ஃபேன்ல நிறம் மாறும்: சிவப்பு இல்லாம கறுப்பு, மஞ்ச, பச்சை, நீலம்னு இருந்தா மஞ்சதான் 12 வோல்ட் பிளஸ்; பச்சையையும் நீலத்தையும் அப்படியே விடுங்க, முழு வேகத்துல ஓடும். சத்தம் அதிகம்னா 7-லேருந்து 12 வோல்ட் வரைக்கும் திருப்புற குமிழ் ரெகுலேட்டர் ஒண்ணைக் கே0-க்கும் சிவப்புக்கும் நடுவுல போடலாம். 7-க்குக் கீழ இறக்காதீங்க.

செட்டிங்: செட் பட்டனை அஞ்சு விநாடி அழுத்திப் பிடிச்சா பி0 வரும், அதை சி-ல வைங்க. எச்-ல வெச்சா தலைகீழா, ஆறினப்புறம் ஃபேன் ஓடும். நிறையப் பேர் "போர்டு பழுது"ன்னு திருப்பிக் கொடுக்கிறது இதனாலதான். பி1 எத்தனை டிகிரி இறங்கினா நிக்கணும்ங்கிறது, வரும்போது 2-ல இருக்கும், 3 ஆக்குங்க. இல்லன்னா ரிலே டிக் டிக்னு அடிச்சிட்டே இருக்கும். அப்புறம் செட்டைச் சும்மா ஒரு தட்டு தட்டி 40 டிகிரி வைங்க.

சென்சாரைப் பின் அறையில, கன்சோல் தள்ளுற காத்து படுற இடத்துல தொங்க விடுங்க. ஏன் 40-ன்னா, மே மாசம் ஹாலே 35-36 போகும். 34-னு வெச்சீங்கன்னா கன்சோல் அணைஞ்சிருந்தாலும் ஃபேன் ஓடிட்டே இருக்கும். கேம் ஓடும்போது பின்பக்கம் 40-ஐச் சீக்கிரமே தாண்டிடும்.

ஃபேன் வாங்கும்போது பால் பேரிங்னு கேட்டு வாங்குங்க. நீங்க படுக்க வெச்சு மாட்டப் போறீங்க; சாதா ஸ்லீவ் பேரிங் ஃபேன் படுக்கை வாட்டுல ஓடினா சீக்கிரம் தேஞ்சு கரகரன்னு கத்த ஆரம்பிச்சிடும்.

---

அலைவாய்க்கரை (தேவனாம்பட்டினம், கடலூர்)

காற்று வழி பற்றி எல்லாம் சொல்லியாகிவிட்டது. கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சங்கதி பாக்கி.

நம் வீட்டுத் தூசியில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் விடியற்காலையில் இது சாதாரணம், ஐப்பசி கார்த்திகையில் பகலிலும்தான். அப்படி நனைந்த தூசி, காய்ந்த தூசி மாதிரி பறந்து போகாது. ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகம்) தகடுகளுக்கு இடையே பசையாக அப்பிக்கொள்ளும். உள்ளூரில் ஒரே மாடல் இரண்டு கன்சோல்களில் கடலுக்குப் பக்கத்தில் இருப்பது முன்னதாகவே சத்தம் போடத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். சாம்பிராணி போடும் வீடுகளில் அந்தப் புகையின் பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். பூஜை அலமாரிக்கு எதிரே கன்சோல் வைக்காமல் இருந்தால் நல்லது.

ஃபேன் போட்டு நிறையக் காற்றை இழுக்கப் போகிறீர்கள், ஆகவே நிறையத் தூசியையும் இழுக்கப் போகிறீர்கள். கீழ்ப் பிளவுகளில் நைலான் கொசுவலை ஒரு அடுக்கு, காந்தப் பட்டையிலோ வெல்க்ரோவிலோ, கழற்றி மாட்டும்படி. பஞ்சு, முடி, கரப்பான், பல்லி எல்லாம் நிற்கும். கரப்பானுக்குக் கதகதப்பான இடம் என்றால் உயிர். வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். இரண்டு அடுக்கு வேண்டாம், ஏசி ஃபில்டர் துணியும் வேண்டாம். ஃபேன் தள்ளும் காற்றை அது பாதியாக்கிவிடும், தடுப்பு போட்டதன் பலனும் போய்விடும்.

கன்சோலைச் சுத்தம் செய்யும்போது: மின் இணைப்பை எடுத்துவிட்டு, பக்கத் தகட்டை மூலையில் கொஞ்சம் தூக்கி நழுவ விட்டால் வந்துவிடும், ஸ்க்ரூ கிடையாது. உள்ளே தூசி சேருவதற்கென்றே இரண்டு துளைகள் வைத்திருக்கிறார்கள். வாக்குவம் குழாயை அங்கே வையுங்கள். தெரிகிற ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டுதான் வாக்குவம் காட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் ஃபேன் தறிகெட்டுச் சுற்றிப் பேரிங் கெடும். ஒட்டிய தூசிக்கு ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், புதியது, காய்ந்தது.

ஏர் புளோயரை வெளியேறும் வாய்ப் பக்கமிருந்து அடிக்காதீர்கள், தூசி உள்ளே போய் இறுகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் உப்பு கரையாது. பிசுக்கை அது எடுக்கும், உப்பு அப்படியே இருக்கும். தண்ணீரில்தான் உப்பு கரையும், தண்ணீர் காட்டவும் முடியாது. அதனால் உப்பு ஈரமாகி இறுகும் முன், காய்ந்த நாளில், மதிய நேரத்தில், பிரஷ்ஷால் எடுத்துவிடுவதுதான் ஒரே வழி. கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, உள்ளே தள்ளி இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை கட்டாயம்.

அதற்கு மேல் ஸ்க்ரூ கழற்றிப் பிரிக்காதீர்கள். பிஎஸ்5 பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் திரவ உலோகம் இருக்கிறது. சாதாரண வெள்ளை பேஸ்ட் போலத் துடைத்துப் புதிதாகப் பூசுகிற வேலை அங்கே நடக்காது. அது போர்டில் ஒரு சொட்டு சிந்தினாலே ஷார்ட் ஆகும். "தெர்மல் பேஸ்ட் மாற்றித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், முதலில் அவருக்கு இது தெரியுமா என்று கேளுங்கள்.

ஏசி அறையில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 22-இல் ராத்திரி முழுக்க ஓட விட்டு, காலையில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தால், கோடையில் கடல் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியைத் தொடும். குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரம் படியும், அணைந்து கிடக்கும் கன்சோலுக்குள்ளும் சேர்த்துத்தான். ஜன்னல் திறந்தவுடனே கன்சோலைப் போடாமல் அரை மணி நேரம் விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கன்சோலுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, அது தானே சூடாக இருக்கிறது.

---

பச்சைப்_பொத்தான் (திருப்பாதிரிப்புலியூர்)

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-க்கும் இதே தடுப்பு வேலை செய்யுமா?

---

காற்றுக்கணக்கு

தத்துவம் அதேதான், தடுப்பு நிற்கும் இடம் வேறு. சீரிஸ் எக்ஸ் அடியிலும் பின்னாலும் இழுத்து உச்சியில் தள்ளுகிறது. நிற்க வைத்தால் 30 செ.மீ. உயரம், இந்த மாதிரி 22 செ.மீ. தட்டில் நிற்காது. படுக்க வைத்தால் உச்சி பக்கவாட்டில் திரும்பும். அந்தப் பக்கம் 10 முதல் 15 செ.மீ. விட்டு, ஃபேனையும் அந்தப் பக்கத்துக்கு மேலேயே வையுங்கள். அதன் சின்ன மாடலான சீரிஸ் எஸ் சூடு இதில் பாதிகூட இல்லை. படுக்க வைத்தால் கறுப்பு வட்டம் மேலே பார்க்கும், அதன் மேல் செட்டாப் பாக்ஸை அடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

---

பேட்_பிடிச்ச_கை

ஆசாரி ஞாயித்துக்கிழமை வர்றார். முடிவு இது: மேல 115 வட்டம் இரண்டு, கீழ மூணு பிளவு, கொசுவலை, சன்போர்டு தடுப்பு, டபிள்யூ1209. பிஎஸ்5-ஐ நிக்க வெச்சா நல்லதா, படுக்க வெச்சா நல்லதான்னு ஒரு சண்டை எங்க வீட்ல ஓடிட்டிருக்கு, அதையும் தீர்த்து வைங்க. வேலை முடிஞ்சதும் சரியா வந்திருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

---

காற்றுக்கணக்கு

நிறுவனமே இரண்டு விதமாகவும் வைக்கலாம் என்கிறது. நிற்க வைத்தால் உயரம் 39 செ.மீ., உங்கள் தட்டு 22. சண்டை முடிந்தது. ஸ்டாண்டை மட்டும் மறக்காமல் மாட்டுங்கள்.

சோதனைக்கு ஒரு ஊதுபத்தி போதும். கன்சோலும் ஃபேனும் ஓட, கதவு சாத்தியிருக்க, கீழ்ப் பிளவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். புகை உள்ளே வளைந்து போக வேண்டும். ஒயர் ஓட்டைப் பக்கம் பிடித்தால் மோடம் தட்டுக்குள் புகை தள்ளப்படக் கூடாது. தள்ளினால் அந்த ஓட்டையை ஸ்பாஞ்சால் அடையுங்கள். பிறகு கதவைத் திறந்து, தடுப்பின் ஓரங்களில் பிடித்துப் பாருங்கள். முன் அறையை நோக்கிப் புகை சிதறினால் அந்த இடத்தில் கசிவு.

அதே தெர்மாமீட்டரை அதே இடத்தில் வைத்து, அதே கேமை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஹாலுக்கும் முன் அறைக்கும் வித்தியாசம் 2, 3 டிகிரிக்குள் நின்றால் சரி. 5-ஐத் தாண்டினால் முதலில் தடுப்பைப் பாருங்கள், அடுத்து வலையைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள், கடைசியாகத்தான் ஃபேன் வேகத்தைக் கூட்டுவது.

---

உளி_சுத்தி

மேல் பலகையை வெட்டுறதுக்கு முன்னாடி கன்சோலை வெளிய எடுத்து வெச்சிடுங்க தம்பி. மரத்தூள் உப்பைவிட மோசம்.